வீட்டிலிருந்தே டாக்டர் பட்டம்?

வேடசந்தூர் பஸ்ஸில் இருந்து மாலை ஆறு மணிக்கு திண்டுக்கல்லில் இறங்கும் அந்தத் தமிழ் டீச்சரின் கையில் இரண்டு பைகள். ஒன்றில் டிபன் பாக்ஸ், இன்னொன்றில் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகள். சமையல், மகனின் ஹோம்வொர்க் எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் பழைய ஆசை தலை தூக்கும். பெயருக்கு முன்னால் "முனைவர்" என்று போட வேண்டும்!

அப்படி ஒரு இரவில்தான் செல்போனில் அந்த விளம்பரம் வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஆன்லைனில் பிஎச்.டி., லீவு தேவையில்லை. போன் செய்தால், "ரெண்டே வருஷம் மேடம், தீசிஸ் எழுதக்கூட ஆள் இருக்கு" என்றார்கள். கட்டணம் மூன்று லட்சம். சொசைட்டியில் லோன் போடலாமா என்று கணக்குப் பார்த்தார். வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஆள் வச்சு எழுதுனா, டாக்டர் யாரு?"

அதன்பிறகே விசாரித்தார். எட்டெக் கம்பெனிகளோடு சேர்ந்து வெளிநாட்டு நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என்று யுஜிசி 2022 அக்டோபரிலேயே எச்சரித்திருக்கிறது. பணம் போயிருக்கும், பட்டமும் வந்திருக்காது!

அப்படியானால் வேலை பார்ப்பவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. 2022 விதிகளின்படி பகுதி நேரமாகச் செய்யலாம். முதுகலையில் 55 சதவீதம், நுழைவுத் தேர்வு அல்லது நெட், வேலை செய்யும் இடத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு.

வேலையோடு படித்து முனைவர் ஆவது புதிதும் இல்லை. மு.வரதராசனார் திருப்பத்தூரில் பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே 1948-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார்.

இன்டர்நெட் உதவாது என்று சொல்ல முடியாது. மற்றவர்களின் ஆய்வேடுகளை சோத்கங்கா தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய புத்தகங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு எந்த லைப்ரரி திறந்திருக்கும், சொல்லுங்கள்?

ஆனால் டீச்சர் எடுக்க நினைக்கும் தலைப்பு எந்தத் தளத்திலும் இல்லை. பூட்டுத் தொழிலாளர்களின் சொற்கள்! திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் பூட்டு செய்பவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். பூட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர், பட்டறைப் பேச்சு எல்லாம் அவர்களோடு போய்விடும். அதைக் கேட்டு எழுத பட்டறைக்கு நேரில்தான் போக வேண்டும். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அதற்குத்தான் நேரமில்லை!

யோசித்தால் அவருக்குத் தூரம் ஒரு தடையே இல்லை. மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் காந்திகிராமத்தில் பல்கலைக்கழகம், அங்கே தமிழ்த்துறை. பகுதி நேரம் என்றாலும் கோர்ஸ் வொர்க், கைடைப் பார்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு முன் பேசுவது எல்லாம் உண்டு. அந்த நாட்களில் பள்ளி அவரை விட வேண்டும். விளம்பரம் விற்கப் பார்த்தது அந்த நேரத்தைத்தான்.

தடையில்லாச் சான்று கேட்டு எழுதிய கடிதம் ஒரு மாதமாகத் தலைமையாசிரியர் மேஜையில் இருக்கிறது. "பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்மா" என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஒரு நாற்பது பக்க நோட்டோடு பட்டறைக்குப் போனார். முதல் பக்கத்தில் பதினோரு சொற்கள் சேர்ந்திருக்கின்றன.