ஆரணித் தறிகளும் சென்னை அணியும்

வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வரும் சாலை கமண்டல நாகநதியை அணுகும் இடத்தில் ஆரணி நகரம் அமைந்துள்ளது. 1751ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவின் படை போரிட்டு வென்ற களம் என வரலாற்று நூல்கள் இவ்வூரைக் குறிக்கும். நம் இல்லங்களிலோ ஆரணி என்றதும் நினைவிற்கு வருவன இரண்டு: அன்றாடச் சோற்றுக்கு அரிசி; திருமணத்திற்குப் பட்டு. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த இந்நகரிலும், சேவூர், தேவிகாபுரம் போன்ற சுற்றூர்களிலும் நெசவே எத்தனையோ குடும்பங்களை வாழ வைத்து வருகிறது.

2026ஆம் ஆண்டுத் தைத் திங்களில் நாங்கள் சிலர் அங்குச் சென்றிருந்தோம். நெசவாளர் தெருவில் கால் வைத்ததுமே தறியோசை எங்களை வரவேற்றது. வீட்டுக் கூடத்திலேயே தறிக்குழி. அதனுள் கால்களை இறக்கி, மிதியை மிதித்தவாறு நெசவாளர் அமர்ந்திருக்கிறார். நீள வாக்கில் பாவு விரிந்திருக்க, நாடா இப்புறமும் அப்புறமும் ஓடி ஊடையை இடுகிறது. கரையிலும் முந்தானையிலும் சரிகைப் பூக்கள் மலர்கின்றன. இல்லத்தரசியர் ஒருபுறம் நூல் சுற்றுகின்றனர். ஒரு சேலை முடியப் பல நாட்கள் ஆகும் என்றனர்.

மாலையில் தெருமுனைத் தேநீர்க் கடையில் அவர்களோடு அமர்ந்தோம். பட்டு நூல் விலையையும் கூலியையும் பற்றிப் பேசுவர் என்று எண்ணினோம். அவர்களோ, அவ்வாண்டுப் போட்டியில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தேறுமா, தேறாதா என்று வழக்காடிக் கொண்டிருந்தனர்!

வழக்கிற்குக் காரணம் இருந்தது. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் ஐ.பி.எல். கோப்பையை வென்ற அந்த அணி, 2025இல் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்திற்குச் சரிந்தது. தலைவர் ருதுராஜ் கெயிக்வாட் முழங்கையில் அடிபட்டு விலகவே, நாற்பது வயதைக் கடந்த தோனியே மீண்டும் தலைமை ஏற்க நேர்ந்தது.

முதியவர் ஒருவர் தளராமல் வாதாடினார்: "2020இல் ஏழாம் இடம், மறு ஆண்டே கோப்பை. 2022இல் ஒன்பதாம் இடம். மறு ஆண்டே கோப்பை. அகமதாபாத் இறுதியாட்டத்தில் இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது ஜடேஜா அடித்துக் கொடுக்கவில்லையா? விழுந்தால் எழுவது அவர்கள் வழக்கம்."

"அந்த ஜடேஜாவையே இராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிவிட்டார்களே, பெரியப்பா!" என்று இடைமறித்தார் ஓர் இளைஞர். "பழம்பெருமை பேசியே கடைசிக்கு வந்தோம். சென்ற ஆண்டில் பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே வந்து ஆடியபோதுதான் உயிர் வந்தது. இப்போது பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்னும் இரு இளைஞர்களை ஆளுக்கு 14 கோடியே 20 இலட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள். இனி அவர்கள் காலம்."

அதுவரை வாய் திறவாதிருந்த ஒருவர், பாவு பிணைப்பவராம், மெல்லச் சொன்னார்: "தறியில் ஒரு பாவு முடிந்தால் அதை முழுதும் அறுத்து எறிவதில்லை. பழைய பாவின் நுனியை அப்படியே விட்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு முறுக்கிப் பிணைக்கிறோம். பழைய நுனி இல்லையேல் புதுப் பாவு தறியேறாது. ஆனால், நுனியை மட்டும் வைத்துக்கொண்டு சேலை நெய்யவும் முடியாது." இருதரப்பாரும் நகைத்து, ஒப்பினர்.

அந்த நகைப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. "விளையாட்டிற்கு இளைஞர் கிடைக்கிறார்கள், என் தறிக்குப் பிணைக்க இழை எங்கே?" என்றார் முதியவர். அவருடைய மக்கள் இருவரில் ஒருவர் சென்னையிலும், மற்றவர் செய்யாறு சிப்காட்டிலுள்ள காலணித் தொழிற்சாலையிலும் பணிபுரிகின்றனர். சற்றுமுன் வாதாடிய இளைஞரும் தறியை விட்டு வெளியேறியவரே. "தறியில் உட்கார் என்று நீங்கள் உங்கள் பிள்ளைகளிடம் சொன்னீர்களா, பெரியப்பா?" என்று அவர் அன்போடு வினவினார். முதியவர் தலையசைத்தார். மாதந்தோறும் தவறாமல் வரும் ஊதியத்தைத் தம் மக்களுக்கு விரும்பியவர் அவரே அன்றோ!

யாரைக் குறை கூறுவது? தந்தையின் விருப்பமும் நேரியதே. மகனின் முடிவும் நேரியதே. உழைப்பிற்கேற்ற கூலியும் மதிப்பும் இருக்குமாயின் அத்தெருவின் இளைஞர் சிலரேனும் தறிக்குத் திரும்புவர் என்பதே அங்கு நாங்கள் கேட்டறிந்தது. இதில் நம் குடும்பங்களுக்கும் பங்குண்டு. மணப்பெண்ணுக்குப் பட்டெடுக்கச் செல்லும் நாம், நிறத்தையும் விலையையும் கேட்பதோடு நின்றுவிடுகிறோம். பட்டு முத்திரை, நூல் தூய பட்டு என்பதற்கே சான்று. கையால் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரை தனியே உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குவோம். கைத்தறிச் சேலையின் விலையைக் கேட்டு முகம் சுளிக்குமுன், குழியில் கால் இறக்கி ஒரு குடும்பமே செலவிட்ட நாட்களை எண்ணிப் பார்ப்போம்.

கடையை விட்டு எழுந்தபோது வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தொடக்க ஆட்டக்காரர் யாராக இருக்க வேண்டும் என்று புதிய வாதம் பிறந்திருந்தது. முதியவர் மட்டும் விடைபெற்று வீட்டிற்கு நடந்தார். விளக்கேற்றும் நேரத்திற்குள் இன்னும் ஒரு சாண் நெய்துவிட வேண்டுமாம்.