குச்சி காஞ்சு கெடக்கு

வங்கி வேலையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: "எழுதிக் குடுங்க." ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் குறைந்துவிட்டதா? எழுதிக் குடுங்க. பாஸ்புக்கில் அப்பா பெயர் தப்பா? எழுதிக் குடுங்க. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர், "போன மாசமே இங்க வந்து சொன்னேனே சார்" என்பார். சொன்னீங்க, பேப்பர் எங்கே என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பேன். இருபத்தாறு வருடமாக அந்தப் பார்வையை வைத்தே பிழைப்பை ஓட்டியவன், ஒன்பது லட்சம் ரூபாய்க் காருக்கு மாதக்கணக்கில் வாயாலேயே புகார் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தக் கதைதான் இது.

2021 டிசம்பரில் வாங்கிய பெட்ரோல் கார். வாரண்டி 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. வீடு தஞ்சாவூரில், கிளை கும்பகோணத்தில். போக 40, வர 40. எட்டு மாதத்தில் மீட்டர் 14,600-ஐத் தொட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அய்யம்பேட்டை வளைவில் டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மின்னி அணைந்தது. சொட்டு விடுகிற கெண்டி மாதிரி படம். நேர்ச் சாலையில் ஒன்றும் இல்லை. அடுத்த வளைவில் மறுபடி மின்னியது. ஓரமாக ஒரு ஒர்க்ஷாப் தெரிந்தது, நிறுத்தினேன். மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்து, மஞ்சள் வளையம் போட்ட ஆயில் குச்சியை உருவினார். பனியன் துணியால் துடைத்தார், உள்ளே விட்டார், மறுபடி உருவி விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். குச்சியின் நுனியில் இரண்டு கோடு உண்டு. மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் ஆயில் நின்றால் நலம். என் குச்சியில் கீழ்க் கோட்டுக்குக் கீழேயும் ஈரம் இல்லை.

"குச்சி காஞ்சு கெடக்கு சார். இன்னும் அம்பது கிலோமீட்டர் ஓட்டியிருந்தீங்கன்னா இன்ஜின் புடிச்சிருக்கும்."

பக்கத்து ஆயில் கடையில் மூன்று ஒரு லிட்டர் டப்பா வாங்கி வரச் சொன்னார். மூடிகளைத் திருகி என் கையில் கொடுத்துவிட்டு ஊற்றினார். இரண்டு டப்பா முழுசாக இறங்கியது. அந்த இன்ஜினுக்கு மொத்தமே மூன்றரை லிட்டர்தான்.

அந்தக் கெண்டி விளக்கு ஆயிலின் அளவைக் காட்டுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். பாய்தான் சொன்னார், அது அளவைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது என்று. ஆயில் அடிமட்டத்துக்குப் போனதும், வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சி அழுத்தம் விழுகிறது. அப்போதுதான் விளக்கு எரியும். அதாவது, வீட்டில் திருடன் புகுந்து பீரோவைத் திறந்த பிறகு குரைக்கிற நாய்.

இங்கேதான் என் முதல் தப்பு. பாயிடம் பில் கேட்கவில்லை. கேட்காதது மறதியால் இல்லை, பயத்தால். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் தவிர வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்று டெலிவரி அன்று யாரோ சொன்னது நினைவில் இருந்தது. போதாக்குறைக்கு 10,000 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய சர்வீஸை, கிளையில் ஆடிட் என்று தள்ளித் தள்ளி 12,800-ல்தான் செய்திருந்தேன். மறுநாள் ஷோரூம் போகும் வழியில், டிக்கியில் இருந்த காலி டப்பாக்களையும் மிச்சம் இருந்த டப்பாவையும் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் போனேன். கொலை செய்தவன் கத்தியை ஆற்றில் எறிவதுபோல.

சர்வீஸ் அட்வைசர் இருபத்தைந்து வயதுப் பையன். "வண்டி ஆயில் குடிக்குது தம்பி" என்றேன். "புது இன்ஜின் சார். செட் ஆகுற வரைக்கும் கொஞ்சம் எடுக்கும்" என்றான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார்கள். பிக்கப் அருமை, சத்தம் இல்லை, புகை இல்லை. வாட்டர் வாஷ் செய்து பளபளவென்று கொடுத்தார்கள். ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டேன், படிக்காமல். நான்கு மாதத்தில் இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஆயில் டாப்-அப், வாட்டர் வாஷ், கையெழுத்து. வண்டி மட்டும் கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல் ஜொலித்தது.

நான்காவது முறை ஒர்க்ஸ் மேனேஜரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் கீபோர்டைத் தட்டிவிட்டு மானிட்டரை என் பக்கம் திருப்பினார். மூன்று வரி இருந்தது. மூன்றிலும் ஒரே வாசகம்: 'ஜெனரல் செக்கப்'. வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

"ஹிஸ்டரியில ஆயில் கம்ப்ளைண்ட்டே இல்லையே சார். வெளியில எங்கயாச்சும் ஆயில் ஊத்துனீங்களா?"

"இல்லை" என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன். சொன்ன வேகத்தில் கோபமும் வந்துவிட்டது. பொய் சொன்னவனுக்கு வருகிற கோபம் தனி ரகம், அதில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்தப் பையனைக் கூப்பிட்டு, "உன்கிட்ட எத்தனை தடவை சொன்னேன்" என்று எல்லோர் முன்னிலும் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வண்டியையே மாத்திக் குடுங்க, இல்லேன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுல பாத்துக்கறேன்" என்று எழுந்து வந்தேன். பின்னால் கண்ணாடிக் கதவு மெதுவாகத்தான் மூடியது. அந்தக் கதவுகளை அறைந்து சாத்தவும் வழியில்லை.

வக்கீல் நண்பர் ஒருவர் இருக்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். "புது வண்டி வேணும்னு கேட்டியாக்கும்?" 2006-லேயே ஒரு கிளட்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம்: கெட்ட பாகத்தைச் சரிசெய்வேன், மாற்றுவேன் என்றுதான் வாரண்டியில் எழுதியிருக்கிறது என்றால், முழு வண்டியையும் மாற்று என்று கேட்க முடியாது. அந்த வழக்கில் கார்க்காரருக்குக் கிடைத்தது பணமாக 50,000 ரூபாய். மற்றபடி சட்டம் என் பக்கம் தாராளமாகவே இருந்தது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய். வக்கீல் இல்லாமல் நானே பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம்.

"எல்லாம் சரி. இன்ஜின் ஆயில் குடிச்சதுக்கு உன்கிட்ட என்ன இருக்கு?" என்றார். மூன்று ஜாப் கார்டை எடுத்து வைத்தேன். படித்துவிட்டு, "நல்லா கழுவியிருக்காங்க" என்றார்.

பிறகுதான் அய்யம்பேட்டைக் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட மடையா, அதுதானே சாட்சி!" 12,800-ல் அவர்களே ஆயில் மாற்றி நிரப்பியிருக்கிறார்கள், அதற்கு அவர்கள் பில்லே இருக்கிறது. 14,600-ல் இரண்டு லிட்டர் காணோம். 1,800 கிலோமீட்டருக்கு 2 லிட்டர். சில கம்பெனிகள் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை செலவானாலும் இயல்புதான் என்று கையேட்டில் எழுதி வைத்திருக்கின்றன. அந்தத் தாராளக் கணக்கையும் என் வண்டி தாண்டியிருந்தது. நான் குப்பையில் போட்ட டப்பாதான் தேதி போட்டுப் பேசக்கூடிய ஒரே சாட்சியாக இருந்திருக்கிறது.

மறுநாளே அய்யம்பேட்டை போனேன். பாய் ஆயில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் கார்பன் வைத்து எழுதும் பில் புத்தகத்தை எச்சில் தொட்டுப் புரட்டினார். எனக்குத் தராத பில்லின் நகல் அதில் நீலமாகக் கிடந்தது. தேதி, 3 லிட்டர், 5 டபிள்யூ 30. கையேட்டில் சொன்ன அதே கிரேடு. போட்டோ எடுத்தேன். பாய் ஒரு வெள்ளைத் தாளில் குச்சி காய்ந்து கிடந்ததையும் எவ்வளவு ஊற்றினார் என்பதையும் கிலோமீட்டரையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒன்றரைப் பக்கக் கடிதம் எழுதினேன். சர்வீஸ் தாமதமானதையும், வெளியில் ஆயில் ஊற்றியதையும், அதை மேனேஜரிடம் மறைத்ததையும் சேர்த்தே எழுதினேன். பொய் சொன்னேன் என்ற வரியை மூன்று தடவை அடித்து நான்காவது தடவை அப்படியே விட்டேன். டீலருக்கு ஒன்று, கார் கம்பெனிக்கு ஒன்று, இரண்டும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். கேட்டது ஒன்றே ஒன்று: ஆயில் செலவைச் சோதித்துப் பாருங்கள், முடிவை எழுத்தில் தாருங்கள்.

ஆறாம் நாள் அந்தப் பையனே போன் செய்தான். குரலில் மனக்கசப்பு இல்லை, கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. வண்டியை விடப் போனபோது விஷயத்தைச் சொன்னான். வாரண்டியில் செய்யும் வேலைக்கு டீலர் தன் காசைப் போடுவதில்லை. செய்துவிட்டுக் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். குறையும் சோதனையும் காகிதத்தில் இல்லாவிட்டால் கம்பெனி தள்ளிவிடும், அந்தச் செலவு டீலர் தலையில் விழும். "அதான் சார், எழுதாம பாத்துக்கன்னு எங்களுக்கும் மேல சொல்லுவாங்க. உங்க லெட்டர் வந்ததும் எழுதித்தானே ஆகணும்." எனக்குச் சுருக்கென்றது. என் கிளையில் நான் எனக்கு மீறிய கடனுக்கு மண்டல அலுவலகத்தைக் கைகாட்டுவேன். இவன் நிலைமையும் அதுதான். அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன், "மறந்துட்டேன் சார்" என்று என்னைப் பேசவே விடவில்லை. மறந்திருக்க மாட்டான்.

சோதனை பார்க்க அழகாக இருந்தது. பழைய ஆயிலை வடித்துப் புது ஆயிலை மேல் கோடு வரை ஊற்றினார்கள். வடிக்கும் போல்ட், ஆயில் மூடி, குச்சி மூன்றிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தார்கள், திறந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். வங்கியில் பார்சலுக்கு அரக்கு வைப்போமே, அந்த மாதிரி. நான் போட்டோ எடுத்துக்கொண்டேன், அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். 1,000 கிலோமீட்டர், எனக்கு அது பதின்மூன்று வேலை நாள். திரும்பி வந்ததும் மேல் கோட்டை எட்ட எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுக் குவளையில் பார்த்தார்கள். 1 லிட்டர் 100 மில்லி.

பிஸ்டனில் மூன்று வளையம் உண்டு. மேலே இரண்டு அழுத்தத்தைக் காப்பவை. கீழே உள்ளது சிலிண்டர் சுவரில் ஒட்டும் ஆயிலை வழித்துக் கீழே தள்ளுவது. என் வண்டியில் அந்தக் கீழ் வளையம் கரி பிடித்து இறுகிக் கிடந்தது. மேல் வளையங்கள் நன்றாக இருந்ததால் பிக்கப் குறையவில்லை. பெட்ரோலோடு ஆயிலும் சத்தமில்லாமல் எரிந்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியாதது அதனால்தான், அவர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. கம்பெனி இன்ஜினியர் வந்து, தாமதமான சர்வீஸைக் காட்டி ஒரு அரை மணி நேரம் இழுத்தார். கடைசியில் பிஸ்டன், வளையம் மாற்ற ஒப்புதல் வந்தது. பிளாக்கை மாற்றுவார்களோ என்று எனக்கு உள்ளூரப் பயம். இன்ஜின் நம்பர் அதில்தான் அடித்திருக்கும், மாற்றினால் ஆர்.சி. புக் திருத்தம், இன்சூரன்ஸ் என்று அடுத்த அலைச்சல். நல்லவேளை, அதில் கை வைக்கவில்லை. ஆயிலும் கூலன்ட்டும் வாரண்டியில் வராது என்று ஒரு பில் நீட்டினார்கள். வாதாடிப் பார்த்தேன், தோற்றேன், கட்டினேன்.

டெலிவரி அன்று ஜாப் கார்டை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். பையன் பேனாவைப் பிடித்தபடி நின்றான். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தவன், போகிற போக்கில், "டிரைவர் பக்கக் கதவுல மட்டும் ஏதோ கடகடன்னு சத்தம் தம்பி" என்றேன்.

"சின்ன விஷயம் சார், அடுத்த சர்வீஸ்ல பாத்துடலாம்."

மறுபடி உட்கார்ந்தேன். "எழுதிக்கப்பா."

சிரித்துக்கொண்டே தட்டினான். புதிய கார்டு ஒன்று அச்சாகி வந்தது, குறைக் கட்டத்தில் 'கதவில் சத்தம்'. அதையும் படித்துக் கையெழுத்துப் போட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது கதவுப் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். பழைய பார்க்கிங் சீட்டுகளுக்கு அடியில் மூன்று ஆயில் டப்பா மூடிகள் உருண்டன.