ஒத்துக்கிட்டா கேஸ் முடிஞ்சிருமா?

பதுளைப் பக்கத் தோட்டங்கள்ல அடிதடி கேஸ்னு வந்தா பெரியவங்க சொல்றது ஒண்ணுதான்: "ஒத்துக்கிட்டு வந்துரு, கோட்டுக்கு அலைஞ்சா பேர் போயிரும்." ஒரு நாள் பேர் போனா அந்த நாள் சம்பளம் போச்சு. அதனால இதைத் தப்புன்னும் சொல்ல முடியல.

என் மாமா மகனும் அப்படித்தான் ஒத்துக்கிட்டான். பீலியில தண்ணி பிடிக்கிறப்போ வந்த சண்டை. முதல்ல அடி வாங்கினது இவன். திருப்பி அடிச்சதுல மற்றவருக்குப் பல்லு உடைஞ்சிருச்சு. ஒத்திவைத்த சிறைத்தண்டனை, நட்டஈடு. ஜெயிலுக்குப் போகலன்னு வீட்டில எல்லாருக்கும் நிம்மதி. ரெண்டு வருஷம் கழிச்சு வெளிநாட்டு வேலைக்காக பொலிஸ் ரிப்போர்ட் எடுத்தப்போதான் அந்தக் கேஸ் திரும்பி வந்துச்சு.

அதுக்குப் பிறகுதான் தண்டனைச் சட்டக்கோவையைத் தேடிப் படிச்சேன். சாதாரண காயம்னா 314ஆம் பிரிவு. ஒரு வருடம் வரை சிறை. இந்த மாதிரி பிணக்குகள் மத்தியஸ்த சபையிலேயே பேசித் தீரலாம். ஆனா எலும்போ பல்லோ உடைஞ்சா அது பாரதூரமான காயம். 316ஆம் பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறை. நமக்கு ரெண்டும் "சின்னச் சண்டை"தான். சட்டத்துக்கு அப்படி இல்லை.

அதே சட்டக்கோவை தற்காப்பு உரிமையையும் தருது. தன்னைக் காப்பாத்தத் தேவையான அளவுக்குத் திருப்பி அடிச்சா அது குற்றமில்லை. ஆனா முதல்ல அடி வாங்கினோம்னு காட்ட ஏதாவது வேணுமே. மாமா மகன் தன் காயத்தோட ஆஸ்பத்திரிக்கே போகல. அவன் பக்கத்துல சட்ட வைத்திய அதிகாரியோட அறிக்கைனு ஒண்ணுமே இல்லை.

தோட்டத்துல இந்தக் குற்றச்சாட்டு வேலையையும் பறிக்கும். 2021 பெப்ரவரியில மஸ்கெலியா ஓல்டன் தோட்டத்துல முகாமையாளரைத் தாக்கினதா தொழிலாளர்களைக் கைது செஞ்சாங்க. வழக்கு முடியிறதுக்கு முன்னாடியே 38 பேரை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.

அதனால தம்பி, தங்கச்சிகளுக்கு நான் சொல்றது இதுதான். அடி வாங்கினா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாசிச்சு விளங்காத வாக்குமூலத்துல கையெழுத்து வைக்காதீங்க. நீதிமன்றத்துல சிங்களம் விளங்கலன்னா மொழிபெயர்ப்பு கேளுங்க. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தந்த உரிமை அது. வக்கீலுக்குக் காசு இல்லன்னா சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

ஒத்துக்கிறதா வேணாமாங்கிறத அதுக்குப் பிறகு யோசிப்போம். ஒரு நாள் பேரைக் காப்பாத்தப் போய், வாழ்நாள் பேரை விட்டுறக் கூடாது.