எட்டு நாள்

ஓய்வுநாள் பள்ளியில் தோமாவைப் பற்றி நாங்கள் படித்தது ஒன்றுதான்: சந்தேகப்பட்டவர், நீங்கள் அப்படி இருக்கக்கூடாது. அதே யோவான் சுவிசேஷத்தின் 11-ஆம் அதிகாரத்தில், யூதேயாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கி நின்றபோது, இயேசுவோடு சாகவும் துணிந்து எல்லாரையும் கிளப்பியவர் அவர்தான் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. 14-ஆம் அதிகாரத்தில், போகிற இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்டவரும் அவரே. புரியாததைப் புரிந்ததுபோல் தலையாட்டத் தெரியாத மனிதர்.

20-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் இன்னொன்றும் தெரியும். மற்ற சீஷர்களுக்கு, உயிர்த்தெழுந்த இயேசு தம் கைகளையும் விலாவையும் ஏற்கெனவே காட்டியிருந்தார். அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் தோமாவும் கேட்டார். காயத்துக்குள் அவர் விரலை விடுவதாகக் கரவாஜியோ வரைந்துவிட்டார். தொட்டார் என்று சுவிசேஷத்தில் எழுதியில்லை.

எனக்கு அந்த எட்டு நாள்தான் முக்கியம். தோமா நம்ப மாட்டேன் என்று சொன்னதற்கும், இயேசு மறுபடி வந்ததற்கும் நடுவில் எட்டு நாள். பத்துப் பேர் கண்டோம் என்கிறார்கள், ஒருவர் இல்லை என்கிறார். ஆனாலும் எட்டாம் நாள் பூட்டிய வீட்டுக்குள் அவரும் அவர்களோடுதான் இருக்கிறார். அவர்கள் விரட்டவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை.

எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா இறந்தார். அவருக்காக நாற்பது நாள் உபவாச ஜெபம் இருந்த வீடு எங்களுடையது. அடக்கம் முடிந்த மறுநாள், ஜெபிக்க வந்த ஒருவர் அம்மாவின் காதுபடவே, விசுவாசம் குறைவாக இருந்திருக்கும் என்றார். அம்மா வேதாகமத்தை மூடினாள். உள்ளே வைத்திருந்த குருத்தோலைச் சிலுவையின் காய்ந்த நுனி ஒடிந்து அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், வெகுநேரம் விரலிடுக்கில் பிடித்திருந்தாள்.

யோபுவின் நண்பர்கள் பேசியதும் இதே பேச்சுதான். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது கேள்வி கேட்ட யோபுவிடம் அல்ல, தமக்காகப் பரிந்து பேசிய அவர்களிடம். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குக் கோபம் மட்டுமே இருந்தது.

சாயங்காலம் எங்கள் சபை ஐயர் வந்தார். வசனம் எதுவும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்தார். "ஐயா, கர்த்தர் கேட்கிறாரா இல்லையா?" என்றேன்.

"எனக்குத் தெரியலை தம்பி. சண்டை போடவாவது ஞாயிற்றுக்கிழமை வா."

போனேன். அப்பா உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பாடவில்லை, திருவிருந்துக்கு எழுந்திருக்கவுமில்லை. இப்படி ஒரு வருடத்துக்கு மேல். ஏன் என்று ஐயர் ஒருநாளும் கேட்கவில்லை.

சென்னை பரங்கிமலைக் கோயிலில் பழைய கற்சிலுவை ஒன்று இருக்கிறது, 1547-இல் கிடைத்தது, சுற்றிலும் பஹ்லவி எழுத்து. தோமா அந்த மலையில் ஈட்டியால் குத்துண்டு இறந்தார் என்பது மரபு. ஈட்டி பாய்ந்த இயேசுவின் விலாவைத் தொட்டுப் பார்க்கக் கேட்டவர். முதல்முறை அங்கே போனபோது அந்தச் சிலுவைக்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்தேன். "அந்த எட்டு நாளும் இவர் சாப்பிட்டிருப்பாராடா?" என்று கேட்டாள்.