ஐந்தாவது சக்கரம்

மணாலியிலிருந்து லேவுக்குப் பிக்கப்பில் போவதென்று முடிவானதும் மச்சானும் நானும் முதலில் போனது நாமக்கல்லுக்கு. லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஊர். சேஸிஸ் மேல் எதை எங்கே ஏற்றலாம், எதை ஏற்றக் கூடாது என்பதெல்லாம் அங்கே பட்டறைப் பையன்களுக்கும் தெரியும்.

மச்சானுடையது இசுஸு வி-கிராஸ். சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் தயாரானது. கம்பெனி கொடுத்த 245/70 டயர்களைக் கழற்றிவிட்டு, கல்பாதைக்காக 265/75 போட்டிருந்தார். ரிம் அதே 16 அங்குலம்தான். ஆனால் டயரின் விட்டம் 75 சென்டிமீட்டரிலிருந்து 80 ஆகிவிட்டது, அகலமும் 2 சென்டிமீட்டர் கூடிவிட்டது. வண்டியின் அடியில், சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே ஸ்டெப்னி தொங்குகிற இடத்தில் இந்தப் புதுச் சக்கரம் ஏறவில்லை. முக்கால்வாசி ஏறி, சாய்ந்து நின்றுவிட்டது.

பழைய டயரையே ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொன்னார்கள். ஊருக்குள் பஞ்சர் கடை வரை போக அது போதும். லடாக் பக்கம் போதாது. பின் அச்சில் ஒரு பக்கம் பெரிய டயரும் மறுபக்கம் சின்ன டயருமாக ஓடினால் டிஃபரென்ஷியல் ஓய்வே இல்லாமல் சுழன்றுகொண்டிருக்கும். பிடிப்புள்ள தரையில் ஃபோர்-வீல் போட்டுவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகும். அதனால் ஐந்தும் ஒரே அளவு என்பதில் மச்சான் உறுதியாக இருந்தார். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

பட்டறை மேஸ்திரி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். “மாட்டறது எங்க வேணா மாட்டலாமுங்க தம்பி. கழட்டப் போறது யாரு, எந்த எடத்துல வெச்சுன்னு சொல்லுங்க” என்றார்.

கழற்றப் போவது நாங்கள் இரண்டு பேர். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. இடம், கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கு மேலே. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் சமவெளியில் உள்ளதில் பாதியைவிடச் சற்றுத்தான் அதிகம். ரிம்மோடு சேர்த்து அந்தச் சக்கரம் 35 கிலோவுக்குக் குறையாது. இந்தக் கணக்கைப் போட்ட உடனே கேபின் கூரை அடிபட்டுப் போனது. கூரையில் ஸ்டெப்னி படுத்திருக்கும் வண்டி படத்தில் எடுப்பாகத்தான் இருக்கும். மூச்சு வாங்குகிற உயரத்தில் அதைத் தலைக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து. தவிர, அவ்வளவு எடை உச்சியில் இருந்தால் சரிவான பாதையில் வண்டி சாயும் பக்கமே அதுவும் இழுக்கும்.

மச்சானுக்கு மனசு பின்பக்கத்தில் இருந்தது. பம்பரில் கீல் வைத்த கை ஒன்று பொருத்தி, சக்கரத்தை அதில் மாட்டினால் கதவு போலத் திறந்து மூடலாம். குனிய வேண்டாம், ஏற வேண்டாம். இதன் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் சொச்சம். சக்கரம் தொங்கப் போவது பின் அச்சுக்கு 1.3 மீட்டர் தள்ளி. 40 கிலோவை அங்கே தொங்கவிட்டால் பின் அச்சில் 57 கிலோவாக இறங்கும், முன் அச்சிலிருந்து 17 கிலோவைத் தூக்கிவிடும். கனமான பம்பரும் கையும் சேர்ந்தால் இது இரட்டிப்பாகும். முன் சக்கரம்தான் வண்டியைத் திருப்புகிறது, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையும் அதனுடையதுதான். அங்கே எடையைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. கீலைப் பற்றி மேஸ்திரியும் சொன்னார்: குலுங்கக் குலுங்கத் தேயும், தேய்ந்தால் ஆடும், ஆடினால் வெல்டிங் விடும்.

மிஞ்சியது பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிதான். படுக்க வைத்தால் பாதி இடம் போய்விடும், மேலே சாமான் ஏறிவிட்டால் சக்கரம் அடியில் மாட்டிக்கொள்ளும். நிற்க வைக்கலாம் என்றோம். உள்ளே துருத்தும் இடது மட்கார்டு மேட்டை ஒட்டி, கேபினுக்குப் பக்கமாக, வண்டி ஓடும் திசையிலேயே. எல்-ஆங்கிளில் ஒரு சட்டம், அதில் இரண்டு ஸ்டட், வீல் நட்டுகளிலேயே இரண்டை எடுத்து முடுக்கியாயிற்று. தொட்டியின் தகடு மெல்லியது, அதில் மட்டும் போல்ட் போட்டால் குலுக்கலில் கிழியும். எனவே அடியில் குறுக்கே ஓடும் சட்டத்தில் துளையிட்டு, கீழே கனமான பட்டை கொடுத்து இறுக்கினார்கள். துளை விளிம்பில் ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் சிலிக்கான். இந்தப் பிடிமானத்தில் கஞ்சத்தனம் கூடாது. நேருக்கு நேர் மோதினால் கட்டவிழ்ந்த சக்கரம் பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு நம் கழுத்துக்குத்தான் வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பின்னால் விட்ட பாதை. சக்கரத்துக்கு நேர் பின்னே, தொட்டிக் கதவு வரை, டயர் அகலத்துக்குக் கனமான சாமான் எதுவும் கிடையாது. படுக்கைச் சுருளும் துணிப்பையும் மட்டும். அவற்றை இழுத்துப் போட்டுவிட்டு நட்டை அவிழ்த்தால் சக்கரம் தானாக உருண்டு கதவுக்கு வரும், பலகை ஒன்றைச் சாய்த்தால் தரைக்கு இறங்கும். தூக்க வேண்டியதே இல்லை. பின்கண்ணாடியில் இடது ஓரம் மறைந்துபோனது. அதை ஏற்றுக்கொண்டோம்.

மணாலி வரை நல்ல சாலை. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர். ரோதாங் கணவாயில் ஏறி இறங்கும் பாட்டை மிச்சப்படுத்துகிறது. சந்திரா நதியும் பாகா நதியும் கூடும் தாண்டியில் டீசல் நிரப்பினோம். அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று பல ஆண்டுகளாக எச்சரித்து வந்த அறிவிப்பால் பேர்பெற்ற பங்க் அது.

சர்ச்சுவில் கூடாரங்களுக்கு அருகே ஒரு பிக்கப் ஜாக்கியில் நின்றது. ஸ்டெப்னி அடியில். கம்பியை உள்ளே விட்டு ஒரு இளைஞர் சுற்றிக்கொண்டே இருக்கிறார், சக்கரம் இறங்கவில்லை. மதியத்துக்கு மேல் பனி உருகி, சாலைக்குக் குறுக்கே ஓடும் நாலா எனப்படும் ஓடைகளில் தண்ணீர் ஏறிவிடும். அதில் வந்த வண்டலெல்லாம் கேபிள் உருளையில் புகுந்து, துருவோடு சேர்ந்து இறுகியிருந்தது. ஒரு லாரி டிரைவர் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி அதை விடுவித்தார். அடியில் வைப்பது தவறே இல்லை. எடை தாழ்வாக இருக்கும், தொட்டி காலியாக இருக்கும். ஆனால் அவ்வப்போது இறக்கி, கழுவி, கேபிளுக்கு கிரீஸ் வைக்கிறவர்களுக்கு மட்டுமே அந்த இடம்.

எங்கள் முறை காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, நக்கீ லா கணவாயைத் தாண்டி, விஸ்கி நாலாவுக்கு இறங்கும்போது வந்தது. வலது பின் டயரில், பக்கச்சுவரில் விரல் நீளத்துக்குக் கிழிசல். ஓடுபரப்பில் ஆணி ஏறியிருந்தால் நாங்களே ஒட்டியிருப்போம். பக்கச்சுவர் கிழிந்தால் ஒட்டு நிற்காது.

முன் சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, பலகைத் துண்டின் மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கினோம். ஜாக்கியைப் பத்துச் சுற்று சுற்றினால் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஆனால் ஸ்டெப்னி வந்த விதத்தைப் பார்த்து எனக்கு அப்படியொரு நிறைவு. இரண்டு நட்டு, ஒரு தள்ளு, உருண்டு வந்து பலகையில் இறங்கி அச்சுக்கு எதிரே நின்றது. ஸ்டட்டுக்கும் ரிம் துளைக்கும் நடுவே மூன்று விரல் உயரம் குறைந்தது. மச்சான் வீல் ஸ்பேனரை டயருக்கு அடியில் கொடுத்து நெம்பினார், நான் திருப்பி நேராக்கினேன், ஏறிக்கொண்டது.

அதற்குப் பிறகு லாச்சுலுங் லா, பாங், மோரே சமவெளி, 5,328 மீட்டர் உயரத்தில் டாங்லாங் லா எல்லாமே கையிருப்பில் சக்கரம் இல்லாமல் கடந்தவை. கல் தெரிந்தால் நடையின் வேகத்துக்கு இறங்கினோம்.

லேவில் நாங்கள் தேடிய கடைகளில் எங்கள் அளவு இல்லை. கீழிருந்து லாரியில் வரவேண்டும், நாலைந்து நாள் ஆகலாம் என்றார்கள். ஹான்லே போகத் திட்டமிருந்தது. அங்கே 4,500 மீட்டரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி இருக்கிறது, மச்சான் அதற்காகவே கிளம்பி வந்தவர். பழைய அளவில் ஒரு டயர் கிடைக்கிறது, வாங்கிப் போட்டுக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, எங்கள் அளவிலேயே ஒரு டயருக்கு முன்பணம் கட்டினார். தொட்டியில் காலியாக நின்ற இரண்டு ஸ்டட்டுகளுக்கும் கிரீஸ் தடவி துணி சுற்றி வைத்துவிட்டு, அறைக்கு இன்னும் நாலு நாள் வாடகை பேசப் போனோம்.