அச்சா, அடியா?

"தாத்தா, இந்தக் காசப் பாருங்க. வருஷம் ரெண்டு ரெண்டா தெரியுது. டபுள் டையாம், லட்ச ரூவாக்குப் போகுமாம்."

பேரன் நீட்டியது தொண்ணூறுகளில் அடித்த எவர்சில்வர் ஒரு ரூபாய். வருஷத்துக்குக் கீழே ஹைதராபாத் நாணயச்சாலையின் நட்சத்திரக் குறி. டவுணில் கீழரத வீதியில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை வைத்திருந்தவன் நான். கல்லாவில் விழுகிற காசைப் புரட்டிப் பார்க்கிற கிறுக்கு இன்னும் விடவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

எண்ணை ஒட்டித் தட்டையாக, வாசற்படி போலத் தாழ்வாக ஒரு விளிம்பு. எண்ணும் வழக்கத்தைவிட மெலிந்திருந்தது. "இதுக்கு ஒரு ரூவாதாம்ல வெல" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது.

காசு அடிக்கும் அச்சை, மூல அச்சு ஒன்றால் அழுத்தித்தான் செய்கிறார்கள். முன்பெல்லாம் ஒரே அழுத்தில் உருவம் முழுசாகப் பதியாது. எடுத்துக் காய்ச்சி மறுபடி அழுத்துவார்கள். அப்போது இம்மி திரும்பிவிட்டால் அச்சிலேயே உருவம் இரண்டாகிவிடும். பிறகு அந்த அச்சு அடிக்கிற ஒவ்வொரு காசிலும் அதே இரட்டை, அதே இடத்தில். அதுதான் டபுள் டை. அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட் அப்படித்தான் பேர் வாங்கியது. அதற்குக் கண்ணாடிகூட வேண்டாம். எழுத்து தடித்திருக்கும், இரண்டு உருவமும் எழும்பி நிற்கும், முனைகள் பிளந்திருக்கும். பேரன் கொண்டுவந்தது மெஷின் டபுளிங். பிடிப்புத் தளர்ந்த அச்சு, அடித்த கையோடு துள்ளி, பதிந்த எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடுகிறது. அச்சின் மேல் குற்றமில்லை.

நம் சீமைக்குக் காசு அடிக்கிற வேலை புதிசும் இல்லை. கொற்கைப் பக்கம் அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயில் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கிற இடம். கையால் சம்மட்டி போட்ட காலத்தில் எத்தனை அடி பிசகியிருக்குமோ!

"அச்சுக் கோளாறுன்னா எப்படித்தான் உறுதி பண்ணுவீய?" என்றான், விடாமல்.

"ஒத்தக் காச வச்சு அச்சக் குத்தம் சொல்லக்கூடாதுல. அச்சு அசலா அதே மாதிரி இன்னொண்ணு கெடைக்கணும்."

சொன்ன பிறகு எனக்குப் பேச்சு ஓடவில்லை.

கடையில் ஒரு பையன் இருந்தான். ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ஒருநாள் சில்லறை கொடுப்பதில் தடுமாறினான். ராத்திரி கணக்கில் நூறு ரூபாய் இடித்தது. "இவன் பிறவிப் புத்தியே இப்படித்தான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்பிவிட்டேன். மறுமாதம் வரிக்கணக்குக்காகப் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். மூன்று வருஷம், அவன் கையெழுத்து. பக்கம் பக்கமாகக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பைசா இடிக்கவில்லை.

ஆள் விட்டுத் தேடினேன். திருப்பூர்ப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.