டிபி மாத்திரை சாப்பிடுறவர் திடீர்னு மாறிட்டாரா?

உங்க வீட்டுல யாராவது எம்.டி.ஆர். டிபிக்கு மாத்திரை சாப்பிடுறாங்களா? அப்போ இந்த த்ரெட்டை கொஞ்சம் பொறுமையா படிங்க.

சாதாரண டிபிக்கு 6 மாசம் மருந்து. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ரெண்டுக்குமே கிருமி கட்டுப்படலைன்னா அதுதான் எம்.டி.ஆர். அப்போ வேற மருந்துகளுக்குப் போகணும். அதுல ஒண்ணு சைக்ளோசெரின். 1950கள்ல வந்த பழைய மருந்து. நுரையீரல் கிருமிக்காகத்தான் கொடுக்கிறோம், ஆனா மூளைக்குள்ளயும் சுலபமா போயிடும்.

தூக்கம் வராது. எதுக்கெடுத்தாலும் எரிச்சல். காரணமில்லாத பயம், மனச்சோர்வு. சிலருக்கு காதுல குரல் கேட்கும், வலிப்பு வரலாம், தற்கொலை எண்ணம் வரைக்கும் போகலாம். எல்லாருக்கும் வராது. ஆனா வந்துட்டா, இது மருந்தோட வேலைன்னு வீட்டுல யாருக்கும் தோணாது.

ஒரு அக்கா கணவருக்கு மாத்திரை வாங்க வந்தாங்க (விவரங்களை மாத்தியிருக்கேன்). வாங்கிட்டு எழுந்தவங்க தயங்கி நின்னு சொன்னாங்க: "சார், நான் சோத்துல விஷம் வெக்கிறேங்கிறாரு. நான் ஒரு வாய் தின்னு காட்டுனாதான் சாப்புடுறாரு. மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சு."

"மாத்திரையால கூட இப்படி ஆகும்க்கா"ன்னு சொன்னதும் அப்படியே உக்காந்து அழுதுட்டாங்க. 19 வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் தன்னை வெறுக்கலைன்னு அப்போதான் அவங்களுக்குத் தெரிஞ்சுது.

அன்னைக்கே அவரை வரவழைச்சோம். மனநல மருத்துவர் பார்த்தாங்க. சைக்ளோசெரினை மட்டும் நிறுத்தி, மனநல மாத்திரை ஆரம்பிச்சோம். மூணு வாரத்துல அவர் பழையபடி பேச ஆரம்பிச்சார். மத்த டிபி மாத்திரைகள் ஒரு நாள்கூட நிக்கல.

இந்த "மட்டும்" ரொம்ப முக்கியம். நிறைய வீட்டுல பயந்து போய் எல்லா மாத்திரையையும் நிறுத்திடுறாங்க. அப்போ கிருமி இன்னும் முரடாகும், இருக்கிற மருந்தும் கை விட்டுப் போகும். எதை நிறுத்தணும், எதைக் குறைக்கணும்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

டிபி மருந்துக்கும் மனசுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1952ல நியூயார்க் சீ வியூ ஆஸ்பத்திரியில இப்ரோனியசிட் சாப்பிட்ட டிபி நோயாளிகள் வழக்கத்துக்கு மாறா உற்சாகமானாங்க. பின்னாடி அது மனச்சோர்வுக்கே மருந்தாச்சு!

"புது மருந்து இல்லையா டாக்டர்?" இருக்கு. 2022ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்ச 6 மாச சிகிச்சையில சைக்ளோசெரின் கிடையாது. ஆனா அது எல்லாருக்கும் பொருந்தாது. அதுல இருக்கிற லினிசோலிட், சில மனச்சோர்வு மாத்திரைகளோட ஒத்துப்போகாது. அதனால ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுறவங்க அதை மறைக்காதீங்க. பழைய வலிப்பு, சிறுநீரகப் பிரச்சனை, குடிப்பழக்கம் எல்லாத்தையும் மருந்து ஆரம்பிக்கும் முன்னாடியே சொல்லிடுங்க. திட்ட மாட்டோம். சைக்ளோசெரினோட தர்ற பைரிடாக்சின்ங்கிற பி6 மாத்திரையை "சத்து மாத்திரைதானே"ன்னு ஒதுக்காதீங்க, அது நரம்புக்கும் மூளைக்கும் பாதுகாப்பு.

"செத்துடலாம் போல இருக்கு"ன்னு ஒரு தடவை சொன்னாலும், அடுத்த மாத்திரை வாங்குற தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. தனியா விடாதீங்க. எல்லா மாத்திரை அட்டைகளோட நேரா அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு கூட்டிட்டு வாங்க. நடுராத்திரி பேச ஆள் வேணும்னா டெலி மானஸ் 14416, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.